மாடத்துக் கண்ணும் தெருவின் முகமும்

  

கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த முகத்துவாரக்குப்பத்தின் பெயரிலேயே 'முகம்' இருக்கிறது. வாயில், தொடக்கம், முன்பகுதி எனப் பல பொருள் தரும் அச்சொல்லை ஆறு கடலுக்குள் நுழையும் இடத்திற்கும் மக்கள் சூட்டினர். இவ்வூரை உயரத்திலிருந்து படமெடுத்தால் முதலில் மறைவது மனித முகமே. படகுகள் தெரியும், கூரைகள் தெரியும், மின்நிலையத்துக் கட்டடங்களும் சாம்பல் படிந்த நிலமும் தெரியும். தெருவில் நிற்பவர் யார் என்பது மட்டும் தெரியாது. நகரத் தெருக்களில் நடமாடும் மக்களை உயரத்திலிருந்து படம்பிடிக்கும் கலையைப் பற்றிய இவ்வுரைக்கு இதுவே தோற்றுவாய்.

இக்கலை புகைப்படக் கலையோடு உடன்பிறந்தது எனலாம். 1838ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தில் லூயி தாகேர் என்பவர் உயர்ந்த சாளரம் ஒன்றில் கருவியை நிறுத்தித் 'தாம்ப்ல்' பெருவீதியைப் படமெடுத்தார். அக்காலத்துத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே வீதியில் விரைந்த வண்டிகளும் நடந்த மனிதர்களும் பதியவே இல்லை. கூட்டம் மிகுந்த வீதி, ஆளற்ற வீதியாகப் படத்தில் கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒருவர் காலணிக்கு மெருகிட்டுக் கொள்வதற்காக அசையாமல் நின்றிருந்தார். அவர் உருவம் தெளிவாகவே பதிந்தது. அவர் காலடியில் குனிந்து உழைத்தவரோ, கை ஓயாமல் அசைந்தமையால் மங்கலாகவே பதிந்தார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களாகப் பலரும் கருதுவது இவ்விருவரையே. இருவர் பெயரையும் வரலாறு அறியாது. நிற்க வாய்த்தவர் துலங்குவதும், உழைப்பவர் மங்குவதும், நடப்பவர் மறைவதும் முதற்படத்திலேயே நேர்ந்துவிட்டன என்பது கருதத்தக்கது.

பின்னர், 1858இல் நாதார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் பலூனில் ஏறிப் பாரிசை அடுத்த நிலப்பகுதியைப் படமெடுத்தார். அப்படம் இன்று கிடைக்கவில்லை. 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரத்துப் படமே இன்று எஞ்சியிருக்கும் வான்படங்களுள் பழமையானது. அப்படத்தில் கூரைகளும் தெருக்களும் உண்டு. மனிதரை அடையாளங்காண இயலாது. உயரம் கூடக் கூட ஊர் தெளிவதும் மக்கள் கரைவதும் இக்கலையின் இயல்பு.

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் இவ்வியல்பையே அழகாக மாற்ற முனைந்தவர்கள் தோன்றினர். ருசிய நாட்டு ரோட்செங்கோ, வயிற்றளவில் கருவியைப் பிடித்துப் பழகிய பார்வையை உடைக்க வேண்டும் என்று கருதி, மாடி முகப்புகளில் ஏறித் தெருவை நோக்கிக் கருவியைக் கவிழ்த்தார். 1928இல் செருமனியில் ஊம்போ என்ற பெயரால் அறியப்பட்ட கலைஞர் தெருவை மேலிருந்து எடுத்த படத்தில், மனிதரைவிட அவர்தம் நிழல்களே பெரியனவாகக் கிடக்கின்றன. உச்சியிலிருந்து நோக்கும்போது மனிதர் தலையும் தோளுமாகச் சுருங்குவர். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் நிழலோ, அவருடைய காலையும் நடையையும் கைச்சுமையையும் தரையில் வரைந்து காட்டும். மேலிருந்து மக்களை எடுப்போர் நண்பகலை விலக்கி, சாயும் வெயிலுக்குக் காத்திருப்பதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையை அறிய வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்கால ஏலத்தை ஒரு மாடியிலிருந்து நோக்கினால் போதும். மீன்பாடி வண்டிகளின் தட்டுகளும் பனிக்கட்டிப் பெட்டிகளும் வண்ணச் சதுரங்களாகத் தோன்றும். தலையில் அன்னக்கூடை சுமந்து நடக்கும் பெண்ணைக் கூடையே முழுதும் மறைத்துவிடும். மேலிருப்பவருக்கு ஒரு வட்டம் நகர்வதே தெரியும். கதிர் சற்று எழுந்த பின்னரே, அவ்வட்டத்தின் அடியிலிருந்து நீளும் நிழலில், ஒரு கை கூடையைப் பற்றியிருப்பதும் மறுகை கொசுவத்தைப் பிடித்திருப்பதும் புலனாகும். சுமை பெரிதாகவும் சுமப்பவர் இல்லாதவராகவும் காட்டும் பார்வை அது என்பதை எடுப்பவர் உணர வேண்டும்.

மாடத்திலிருந்து தெருவை நோக்குதல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. உலா என்னும் சிற்றிலக்கியம் முழுவதும் இப்பார்வையின்மேல் எழுந்ததே. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவும், ஒட்டக்கூத்தரின் மூவருலாவும், வீதியில் பவனி வரும் தலைவனைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு உருகும் காட்சியைப் பாடுகின்றன. கீழே வருபவன் உயர்ந்தவன். மேலிருந்து காண்பவர் நெஞ்சிழப்பவர். உயரம் அங்கே ஆளும் இடமாக அமையவில்லை.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், விழாவைக் காண மாடங்களில் நிற்கும் மகளிரின் முகங்கள், அசையும் கொடிகளுக்கிடையே முகிலில் மறையும் நிலவுபோலத் தோன்றித் தோன்றி மறைவதாகப் பாடினார். இங்கே புலவர் நிற்கும் இடம் தெரு. மேலே இருப்போரின் முகத்தைக் கீழிருந்து காண்கிறார். கம்பரோ, வான்மீகத்தில் இல்லாத ஒரு காட்சியை மிதிலையில் அமைத்தார். கன்னிமாடத்தில் சீதை, வீதியில் முனிவருடன் நடந்து வரும் இராமன். இருவர் பார்வையும் எதிர்ப்படுகின்றன. மேலிருந்து நோக்கிய கண், கீழிருந்து நோக்கப்பட்டது. காவியத்தின் காதல் அந்த எதிர்நோக்கிலிருந்தே பிறக்கிறது.

இவையனைத்தினும் முகத்துவாரக்குப்பத்திற்கு மிக அணுக்கமானது பட்டினப்பாலைக் காட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய புகாரில், இரவெல்லாம் கடலில் இருந்த பரதவர், வளைந்த திமில்களில் அமர்ந்தவாறு, நகரத்து உயர்மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனர். எண்ணுபவர் மீனவர், எண்ணப்படுவது மாளிகை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்நிலை தலைகீழாகிவிட்டது. இன்று உயரம் எண்ணுகிறது; பரதவர் எண்ணப்படுகின்றனர்.

எண்ணூர்ப் பகுதியில் உயரமானவை எவை எனக் கேட்டால், எவரும் தயங்காமல் புகைபோக்கிகளையே சுட்டுவர். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. திருவொற்றியூரில் ஒரு காலத்தில் தெருவில் நகர்வனவற்றுள் உயர்ந்து நின்றது தியாகராசர் கோயில் தேரே. 2021இல் மெட்ரோ இரயில் பாதை விம்கோ நகர் வரை நீண்டபின், தேரடியின் பெயரையே தாங்கிய நிலையம் நெடுஞ்சாலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. சீட்டு வாங்கிய எவரும் அங்கே ஏறித் தெருவை மேலிருந்து காணலாம். உயரம் இவ்வாறு பொதுவாதல் நன்றே. மன்னர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே இருந்த மாடம் மக்களுக்கும் கிடைத்திருக்கிறது.

ஆயினும் ஆளில்லாமல் பறக்கும் டிரோன் கருவிகள் வந்தபின் மாடமே பறக்கத் தொடங்கிவிட்டது. மாடியில் நிற்பவரைத் தெருவில் நடப்பவர் நிமிர்ந்து நோக்கலாம், 'ஏன் எடுக்கிறீர்?' என்று குரல் கொடுத்தும் கேட்கலாம். பறக்கும் கருவிக்குக் கண் உண்டு, முகம் இல்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது திருப்பூர் மாவட்டக் காவல்துறை வெளியிட்ட ஒரு காட்சி இங்கே நினைக்கத்தக்கது. மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்கள், தலைக்குமேல் வந்த கருவியைக் கண்டு சிதறி ஓடினர். ஆட்டப் பலகையையே கேடயமாக்கி ஒருவர் தம்மை மறைத்துக் கொண்டார். கிரிக்கெட் வருணனைக் குரல் சேர்க்கப்பட்ட அக்காட்சியை நாடே கண்டு நகைத்தது. நோய் பரவாமல் தடுக்கும் கடமை காவலர்க்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நகைத்தோர் பலர் ஒன்றை மறந்தனர். அவ்விளைஞர் பலகைக்குள் மறைத்தது தம் முகத்தை. முகம் தமக்குரியது என்னும் உணர்வு அச்சத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தம் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. தெருவில் நடப்பவர் எல்லார்க்கும் பொதுப்பொருள் ஆகிவிடுவதில்லை என்பதே இதன் சாரம்.

இவ்வாறு கூறுவதால் மேலிருந்து எடுக்கும் படமே கூடாது என்பது பொருளன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவியது. இவ்வூர் மக்களுக்கு ஆறும் ஒரு தெருவே. அத்தெரு கருத்தது. எண்ணெய் எத்துணைப் பரப்பில் படிந்தது, எவ்வழியே சென்றது என்பவற்றைக் காட்ட வான்படத்தை விஞ்சிய சான்று இல்லை. கரையில் நின்றவர்க்குத் தம் காலடி நீரே தெரியும். முழுமையை உயரமே காட்டும்.

ஆனால் அம்முழுமையில் ஒரு குறை இருந்தது. மீனவர்கள் படகிலிருந்தபடி குவளைகளாலும் வாளிகளாலும் அந்த எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினர். மேலிருந்து நோக்கினால் அது ஒரு கருந்திட்டின் ஓரத்தில் சில புள்ளிகள். படகுக்குள் இருந்து எடுத்த படங்களிலேதான் முழங்கை வரை கருமை படிந்த கைகள் தெரிந்தன. வலையின் கண்தோறும் ஒட்டிய பிசுக்கு தெரிந்தது. அள்ளியவரின் முகம் தெரிந்தது. இழப்பின் பரப்பை ஒரு படம் சொன்னது. இழந்தவர் யார் என்பதை மற்றொன்று சொன்னது. முன்னதை மட்டும் வைத்து ஈடு வழங்கினால் நீருக்கு வழங்கியதாகும்.

நிலத்தில் நின்று எடுக்கும் பார்வைக்கு ஒரு சான்று காட்டலாம். ஊரக இந்திய மக்கள் காப்பகத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், மதுரையில் மீன் விற்ற தம் தாயைப் படமெடுத்து, அவர் வாழ்வையும் எழுதியுள்ளார். மாடியிலிருந்து காண்பவர்க்குக் கூடை மட்டுமே தெரியும் பெண், மகனுடைய கருவிக்கு முகமுள்ளவராகத் தெரிகிறார்.

மேலிருந்து எடுப்பவரும் இந்த அணுக்கத்தை ஓரளவு அடைய வழியுண்டு. ஆந்திரே கெர்த்தேசு 1952இல் நியூயார்க்கில் வாசிங்டன் சதுக்கத்தை நோக்கிய பன்னிரண்டாம் மாடியில் குடியேறி, 1985இல் மறையும் வரை, அச்சாளரத்திலிருந்தே அப்பூங்காவையும் அதில் நடந்தோரையும் எடுத்தார். பனி பெய்த பாதையில் தனியே நடக்கும் ஒருவரின் கருத்த உருவில், பார்த்துக்கொண்டே இருந்த ஒருவரின் தனிமையும் சேர்ந்தே பதிந்தது. பறந்து வந்து ஒரு நொடியில் அள்ளிச் செல்லும் கண்ணுக்கும், முப்பதாண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் குடியிருந்த கண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. குடியிருந்தவர் அடிக்கடி படியிறங்கி அந்தத் தெருவிலேயே நடக்கவும் வேண்டும் அல்லவா?

கவிஞர் பெருமக்களே! ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வடசென்னையைப் பாடும் கவிதைகள் பலவும் இந்நாளில் வான்படம் போலவே அமைகின்றன. புகை, சாம்பல், கரிய நீர், துறைமுகம் ஆகிய யாவும் அவற்றில் உண்டு. ஒரு முகம் இல்லை. இரங்கும் கவிதையும் உயரத்தில் நின்றே இரங்கினால், அது மக்களைப் புள்ளிகளாக்கும். முகத்துவாரக்குப்பத்தைப் பாட முனைபவர் ஒரு விடியலிலாவது படகுத் துறையில் நின்று, வலை உதறுபவரிடம் அன்றைய பாடு எப்படி என்று கேட்டறிய வேண்டும். இப்பகுதியின் வான்படங்களை விழாக்களில் காட்சிக்கு வைப்போர், அப்படத்தில் புள்ளியாய் இருப்பவர் சொல்லும் நான்கு வரிகளையும் அருகே எழுதி வைக்க வேண்டும். அவ்வரிகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதும் பணியை இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாறு வேண்டி, இவ்வுரை நிறைவுறுகிறது.