மீன் பாடும் ஊரார்



நாங்கள் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரருகே குடும்பமாய் வாழ்ந்தபோது, பழப்புளிக்கும் முருங்கைக்காய்க்கும் கடைகடையாய் அலைந்தோம். அயலவர் ஒருவர் பக்கத்துச் சோசலீற்றோவின் கதையைச் சொன்னார். 1980களில் அங்கே படகுவீடுகளில் இருந்தோர், இரவெல்லாம் கேட்ட ரீங்காரத்தால் உறக்கமிழந்தனராம். கழிவுநீர் இயந்திரமென்று ஐயுற்றனர். ஈற்றில், பெட்டையை அழைக்கும் ஆண்மீனின் ஓசை! பின்னர் அதற்கு விழாவே எடுத்தனர்.

"எங்கள் மட்டக்களப்பு வாவியிலும் மீன் பாடும்" என்றோம் பெருமையாக.

"நீங்கள் கேட்டதுண்டா?"

விழித்தோம். கல்லடிப் பாலத்தால் ஆயிரம்முறை போயும் ஒருநாளேனும் காதுகொடுத்தோமில்லை! 1848இல் வந்த எமர்சன் தெனன்ற் துரையோ கேட்டு எழுதியும் வைத்தார்.

ஊர் திரும்பியதும், பூரணையிரவில் தோணியேறி, துடுப்பை நீரில் இறக்கி, பிடியில் காதை வைத்தோம்.

கேட்டதா? சொல்லமாட்டோம். நீங்களே போய்க் கேளுங்கள்.