யந்திரமும் நம்பிக்கையும்

ஓட்டு யந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் தேசத் துரோகம் என்கிறார்கள் சிலர். தோற்றவுடன் யந்திரமே மோசடி என்று கூப்பாடு போடுகிறார்கள் வேறு சிலர். (ஜெயித்த தொகுதியில் மட்டும் அவர்களுக்கு அது யோக்கியமான யந்திரம்!) இரு கூட்டத்தாரும் நம்மிடம் கேட்பது நம்பிக்கையே ஒழிய, காட்டுவது ருஜுவல்ல.

1982-ல் கேரளத்துப் பரவூரில் இந்த யந்திரத்தை முதன்முதலாக வைத்தார்கள். பட்டனை அமுக்கினால் ஓட்டு உள்ளே யாருக்குப் போயிற்று என்று அமுக்கியவருக்கே தெரியாது. 2013-ல்தான் நாகாலாந்தின் நொக்சேன் தொகுதியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சீட்டு யந்திரம் வந்தது. அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டும் காகித அத்தாட்சி அவசியமென்றது. பெயரும் சின்னமும் அச்சான சீட்டு 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. எழுத்தறியாத கிழவியும் சின்னத்தைப் பார்த்துக் கொள்ளலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், "சின்னம் மாறி வந்தது" என்று அக்கிழவி சொன்னால்? "பொய்யானால் தண்டனை" என்று அதிகாரி எச்சரித்து எழுதி வாங்க வேண்டுமென்பது விதி. பிறகு ஒரு சோதனை ஓட்டு. அது சரியாக அச்சானால், முன்பு கண்டதற்கு அவள் எந்தச் சாட்சியைக் கொண்டுவருவாள்? எந்தக் கூலிக்காரி வாய் திறப்பாள்?

எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டுமென்ற மனுக்களை 2024-ல் கோர்ட்டு தள்ளிவிட்டது. யந்திரம் பொய் சொல்லுகிறதென்று நாம் சொல்லவில்லை. அதற்கு நம்மிடம் ருஜு இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, பார்த்ததைச் சொல்லுகிறவளை மிரட்டுகிற அந்த விதியை எடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.