அறிவுக்குக் கூலி என்ன?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி கேட்பது எப்படி என்று பேசுவதற்கும் ஒரு மேடையா என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கேட்கத் தெரியாமல் நாங்கள் பட்ட பாடே எம்மை இங்கு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பல தொண்டு நிறுவனங்கள் இப்பக்கம் வந்தன. அவற்றோடு 'ஆலோசகர்' என்னும் சொல்லும் எமது வாவிக்கரை ஊர்களுக்குப் பழக்கமாயிற்று. அந்தப் பெயரை நாமும் சூடிக்கொண்டால் என்ன என்று பல்கலைக்கழக மாணவராகிய நாங்கள் மூவர் ஆசைப்பட்டோம். 2023 இல் படுவான்கரையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு பெரியவர், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரும்படி கேட்டார். "தம்பிமார், எவ்வளவு தரவேணும்?" என்றார். "நீங்க பார்த்துத் தாங்க ஐயா" என்றோம்.

அவர் பார்த்துத் தந்தது 18,000 ரூபாய். பேருந்துக் கட்டணத்துக்கும் அச்சுப் பிரதிகளுக்கும் 5,400 ரூபாய் போயிற்று. மூவரும் உழைத்த நாட்களைக் கூட்டினால் 24. மிஞ்சிய 12,600 ரூபாயைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 525 ரூபாய்! அன்று எங்கள் ஊரில் மேசனுக்குக் கைவேலை செய்பவரின் நாட்கூலி 2,500 ரூபாய். மீன்பிடித் தொழிலாளியின் மகனான எங்கள் நண்பன், "மச்சான், நான் அப்பாவோட தோணியில போயிருக்கலாம்" என்று சொல்லி விலகிக்கொண்டான். பெரியவரோ அவ்வறிக்கையை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பித்து, அவருக்கு எம்மிலும் பல மடங்கு கொடுத்தாராம். மலிவாய்க் கிடைத்த ஆலோசனையை அவரால் நம்ப முடியவில்லை. பிழை அவருடையதன்று, எம்முடையதே.

இனிக் கணக்குக்கு வருவோம். மாதம் 60,000 ரூபாய் வருமானம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபது வேலை நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு 3,000 ரூபாய் போதும் என்று நினைப்பது எம் போன்றோர் விடும் முதற் பிழை. உத்தியோகத்தில் இருப்பவருக்கு, சம்பளத்துக்கு மேலாக, ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12 பங்கும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 பங்கும் தொழில் கொடுப்போர் செலுத்துகின்றனர். தனித்து உழைப்பவனுக்கு அதைச் செலுத்த ஒருவருமில்லை. ஆகவே ஆண்டு வருமானம் 7,20,000 ரூபாயோடு அந்த 15 பங்காகிய 1,08,000 ரூபாயைச் சேர்க்கவேண்டும். கணினித் தேய்மானம், தொலைபேசி, இணையம், பிரயாணம் ஆகியவற்றுக்கு 1,92,000 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 10,20,000 ரூபாய்.

நாட்களையும் எண்ணுவோம். ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு 104 போக 261. போயா முதலிய விடுமுறைகள், நோய்நொடி, கோயில் திருவிழா, நன்மை தீமைகளுக்கென 41 போனால் 220. இந்த 220 நாளும் கூலி கிடைக்கும் நாட்களல்ல. வேலை தேடி அலைவதும், மதிப்பீடு எழுதுவதும், வரவேண்டிய பணத்துக்காக நடப்பதும் 100 நாட்களைத் தின்றுவிடும். எஞ்சுவது 120. 10,20,000 ஐ 120 ஆல் வகுத்தால் 8,500 ரூபாய். மூவாயிரம் எங்கே, எண்ணாயிரத்து ஐந்நூறு எங்கே!

அப்படியாயின் ஆலைக்காரரிடம் 24 நாளுக்கும் 2,04,000 ரூபாய் கேட்டிருக்கலாமா? கூடாது. அந்நாட்களில் பத்து, அறிக்கை எழுதுவது எப்படி என்று நாங்கள் கற்ற நாட்கள். எமது படிப்புச் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமன்று. மீதி 14 நாளுக்கு 1,19,000 ரூபாய் வருகிறது. அதற்குக் குறைந்தால் எமக்கு நட்டம். அவருக்கு அவ்வறிக்கையால் வரும் பிரயோசனம் அதற்கும் குறைவாயின், அவர் எம்மை அமர்த்துவது அவருக்கு நட்டம். எமது செலவு கீழ் எல்லை. அவர் பெறும் பயன் மேல் எல்லை. நியாயமான கூலி இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இடையே இடமில்லையெனில், வேலையைச் சுருக்கவேண்டும். அன்றேல் கும்பிட்டு விலகவேண்டும்.

கிடைக்கும் கடனில் நூற்றுக்கு இத்தனை என்று வாங்கலாமே என்றார் ஒரு நண்பர். வாங்கினால், கடனைப் பெருப்பித்து எழுத எமது கையே எமக்குத் துரோகம் செய்யும். கடன் வாங்குபவரின் நன்மையும் எமது நன்மையும் எதிரெதிராய் இழுக்கும் ஏற்பாடு வேண்டாம்.

1878 இல் லண்டன் நீதிமன்றத்தில் விஸ்லர் என்னும் ஓவியரிடம், இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்டீர் என்று வினவினர். அன்று, வாழ்நாள் முழுதும் தேடிய அறிவுக்கே கேட்டேன் என்று அவர் விடை பகர்ந்தார். அருமையான விடை! ஆயினும் வழக்கில் வென்ற அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு பார்திங் காசு. அடுத்த ஆண்டே அவர் வங்குரோத்தானார். அறிவின் பெருமையை உணர்ந்தாற் போதாது. வரவு செலவும் எழுதவேண்டும்.

மிசன் பாடசாலையில் நாங்கள் கேட்ட கதையொன்று உண்டு. திராட்சைத் தோட்டத்தில் விடியற்காலை வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் எசமான் ஒரே கூலி கொடுத்தான். முதலில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். ஆனால் முதலில் வந்தவனோடு ஒரு பணம் என்று பொருத்தம் பேசியிருந்தான் என்பதை மறக்கலாகாது. முன்கூட்டிப் பேசியதே அங்கு வழக்கைத் தீர்த்தது.

அறிவை விற்பது தருமமா என்று பெரியோர் கேட்பர். எமது ஊர்ப் பரியாரியார் கூலி பேசமாட்டார். வெற்றிலையில் வைத்ததை வாங்கிக்கொள்வார். அவருக்கு வீட்டில் நெல் இருந்தது. ஊரும் அவரைத் தாங்கியது. பேருந்துக்குக் கடன் வாங்கும் மாணவனுக்கு அந்த நெல் எங்கே? ஆனாலும் இல்லாதவருக்கு இலவசமாய்ச் செய்யும் கடமை எமக்குமுண்டு. பத்து வேலையில் ஒன்று அப்படிச் செய்வோம். அப்போதும் பட்டியலில் முழுக் கூலியையும் எழுதி, அதன் கீழ் 'கழிவு' என்று குறிப்போம். கொடுத்தது இன்னதென்று இருவருக்கும் தெரியட்டும்.

சகோதரர்களே, மூன்று தீர்மானங்கள் செய்துள்ளோம். செய்யும் வேலை இன்னதென்று எழுத்தில் வைப்போம். பாதிப் பணத்தை முன்னரே பெறுவோம். "நீங்க பார்த்துத் தாங்க" என்று இனி ஒருபோதும் சொல்லோம்.

விலகிப்போன நண்பன் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறான். புதிதாய் வந்த வேலைக்கு நாங்கள் எழுதிய மதிப்பீட்டை நேற்று அவனிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிரயாணச் செலவு குறைவாய்ப் போட்டிருக்கிறீங்க" என்று திருத்தித் தந்தான். அது எமக்குப் போதும்.