பத்தாயம் எங்கே நிற்கும்?

ஒரத்தநாட்டுப் பக்கம் பழைய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், கூடத்து மூலையில் நெல் பத்தாயம். பிள்ளைகள் வெளியூர் போனபின், பெரியவர்கள் தஞ்சாவூரில் ஃபிளாட் பார்க்கிறார்கள். பத்தாயம் எங்கே நிற்கும்? அதுதான் முதல் கவலை.

விற்பவர் 'ஆயிரம் சதுர அடி' என்பார். அதில் படிக்கட்டும் லிஃப்டும் பொது வராந்தாவும் சேர்ந்திருக்கலாம். கேட்க வேண்டியது 'கார்பெட் ஏரியா'. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டுக்குள் புழங்கும் தரையும் உள்தடுப்புச் சுவரும்தான் அதன் கணக்கு. வெளிச்சுவர் சேராது. பால்கனியும் சேராது.

உள்ளே புழங்கும் இடம் எவ்வளவு? அதைக் கேட்டு, ஒப்பந்தத்தில் பார்த்து, டேப்பும் பிடித்துவிட வேண்டும்.

பத்தாயத்துக்கு ஒரு சௌகரியம், அடுக்கடுக்காகக் கழற்றலாம். ஓர் அடுக்கு வந்தாலும் போதும், மூடியைப் போட்டால் பால்கனியில் திண்ணை. ஆட்டுக்கல்தான் பாவம். லிஃப்டில் ஏற்றினால் வாட்ச்மேன் முறைப்பார்.