கால்வாய் நகரில் ஒரு கோடைப் பகல்



யாழ்ப்பாணக் கடலில் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. இன்று காரைநகர் என்று வழங்கும் காரைதீவுக்குக் கிடைத்த பெயர் அம்ஸ்ரடாம். டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. மற்றவை பழைய வரைபடங்களோடு போய்விட்டன. அந்த அசல் அம்ஸ்ரடாமை 2019 ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் முழுவதும் நடந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஒல்லாந்தில் வெப்பம் முதன்முதலாக 40 பாகை செல்சியசைத் தாண்டிய வாரம் அது. நமக்கு அது பழகிய வெயில். அந்த மக்களுக்கோ ஊர் பற்றி எரிவது போல. இரும்புப் பாலங்கள் வெப்பத்தில் விரிந்து, படகுகளுக்காகத் திறக்கவும் மூடவும் முடியாமல் இறுகிவிடும் என்று, கால்வாய் நீரையே இறைத்து அவற்றைக் குளிர்வித்துக் கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த ஊரில் பிறந்தவனுக்குப் பாலத்துக்கு இறைப்பது புதினமாக இருந்தது.

நகரின் பெயரிலேயே அதன் பிறப்பு இருக்கிறது. அம்ஸ்ரல் ஆற்றுக்குக் கட்டிய அணை, அதைச் சுற்றி எழுந்த ஊர். 1613 ஆம் ஆண்டு முதல் ஊரை வளைத்துப் பெரிய கால்வாய்களை வெட்டினார்கள். கனவான்களின் கால்வாய், பேரரசனின் கால்வாய், இளவரசனின் கால்வாய் என்று அவற்றுக்குப் பெயர். நிலமோ சதுப்பு. மரத்தூண்களை அறைந்து, அவற்றின் மேல்தான் கட்டடங்களை நிறுத்தினார்கள். டாம் சதுக்கத்து அரண்மனை, பதினேழாம் நூற்றாண்டில் நகர மண்டபமாக எழுந்தது, 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை மரம் உக்காது. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால்தான் ஆபத்து.

கால்வாய்க் கரை வீடுகள் ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடம்புமாக, தோளோடு தோள் உரச நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கொளுக்கி. படிக்கட்டுகள் ஏணி போலச் செங்குத்து. ஆகவே சரக்கையும் தளபாடத்தையும் கயிறு கட்டி வெளிப்புறமாகவே மேலே தூக்கிவிடுவார்கள். மேல்தட்டுத்தான் பண்டசாலை. அழகு பார்க்க வந்தவன் அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வியாபாரம்.

அரண்மனையின் முன்புறத்தைப் படம் பிடித்துக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். பின்புறம் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே முகட்டு முக்கோணத்தில் ஒரு பளிங்குச் சிற்பத் தொகுதி உண்டு. நடுவில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள்தான் அம்ஸ்ரடாம். உலகத்தின் கண்டங்கள் இருபுறமும் தங்கள் பண்டங்களைச் சுமந்து வந்து அவள் காலடியில் வைக்கின்றன. அருமையான வேலைப்பாடு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் கொண்டு வந்து கொடுப்பவர்களின் வரிசையில் நமது பக்கத்து முகம் ஏதும் தெரிகிறதா என்று தேடுகிறவனுக்குச் சிற்பக்கலையை முழுமனதோடு இரசிப்பது கொஞ்சம் சிரமந்தான்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை இல்லம். இன்று அது பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடம். முற்றத்தில் மாணவர்கள் சைக்கிள்களைச் சாத்திவிட்டு நிழலில் இருந்து சாப்பிடுகிறார்கள். நமது கறுவாவின் விலையும், மன்னார் முத்தின் கணக்கும், யாழ்ப்பாணத்தில் ஏலம்போன யானைகளின் வரவும் இந்தக் கூரையின் கீழ் வாசிக்கப்பட்டவை. 1760 இல், விலை விழுந்துவிடக் கூடாதென்று, கறுவாவையும் சாதிக்காயையும் இந்த நகரில் மலையாகக் குவித்து எரித்தார்கள். ஊரே மணத்திருக்கும். காட்டில் கறுவாப் பட்டை உரித்தவன் அதை அறிந்திருக்க மாட்டான்.

ஒல்லாந்தர் கொண்டு போனதை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. கனவான்களின் கால்வாயோரம் நடக்கையில் ஒரு வீட்டு வாசலில் பித்தளைப் பலகை ஒன்றைக் கண்டேன். எழுத்துக் கூட்டி வாசித்தால் ‘நொத்தாரிஸ் கந்தோர்’ என்று வந்தது. அந்நிய நாட்டுத் தெருவில் அம்மாவின் குரலைக் கேட்டது போலிருந்தது. காணி உறுதி முடிக்க நாம் போகும் நொத்தாரிசும், தபால் கந்தோரும், மேசை லாச்சியும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். வடபகுதித் தமிழரின் தேசவழமையை 1707 இல் எழுத்தில் தொகுக்கச் செய்ததும் அவர்களுடைய ஆட்சியே. 1658 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பல்தேயஸ் பாதிரியார் எழுதிய பெருநூல் 1672 இல் இதே அம்ஸ்ரடாமில்தான் அச்சேறியது. நமது தேவாலயங்களின் படங்களோடு, நமது எழுத்துக்களும் அதில் உண்டு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் பழைய புத்தகக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். பல்தேயஸ் அங்கில்லை. இருந்திருந்தாலும் என் சட்டைப்பைக்கு எட்டியிருக்க மாட்டார்.

மத்தியானத்துக்குப் பின் இளவரசனின் கால்வாயில் 263 ஆம் இலக்க வீடு. 1635 இல் கட்டியது. ஆன் பிராங்க் என்ற சிறுமி தன் குடும்பத்தோடு 1942 ஆடி முதல் 1944 ஆவணி வரை ஒளிந்திருந்த இடம். நீளமான வணிக வீடுகளுக்கு ‘பின்வீடு’ ஒன்று இருக்கும். தெருவில் நிற்பவனுக்கு அது தெரியாது. அந்த அமைப்புத்தான் எட்டுப் பேருக்கு மறைவிடமாயிற்று. கீழ்த்தட்டில் அவளுடைய தந்தையின் நிறுவனம் வாசனைத் திரவியங்களை அரைத்தது. மேலே, கால் அடி ஓசை கேட்டுவிடுமோ என்று பகல் முழுவதும் அடங்கிக் கிடந்தார்கள். புத்தக அலுமாரிக்குப் பின்னால் உள்ள வழியால் ஏறிப் போனேன். அறைகள் வெறுமையாக இருக்கின்றன. உயிரோடு திரும்பிய ஒரேயொருவரான தந்தையின் விருப்பம் அது. சுவரில், பிள்ளைகள் வளர வளர அவர்களின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகள் வளரத்தான் செய்வார்கள் என்பதை அறிந்த தலைமுறை நாங்கள். அந்தக் கோடுகளின் முன்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. பின்னால் வந்தவர்களும் பேசவில்லை.

நூதனசாலையில் றெம்பிரான்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, பார்வையாளர் முன்னிலையிலேயே ஆராயத் தொடங்கியிருந்தார்கள். கூட்டம் அங்கே. நான் தேடிப் போனது வேறொன்றை. கண்டி மன்னனுக்கு லெவ்கே திசாவை அளித்த சிறு பீரங்கி. வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. 1765 இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துப் போனது. யாரையும் சுடுவதற்காகச் செய்ததாகத் தெரியவில்லை, அத்தனை அழகு. அன்று நான் ஒருவனே அதன் முன்னால் நின்றேன். 2023 இல் அந்த அரசு அதையும் வேறு ஐந்து பொருட்களையும் நமது நாட்டிடம் திருப்பி ஒப்படைத்தது. 258 ஆண்டுகள். நேயர்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் கேட்டுப் பாருங்கள்.

இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகவில்லை. கால்வாயோரக் கடையொன்றில் அப்பிள் அப்பம் தந்தார்கள்; கறுவா மணத்தது. எந்த நாடு என்று கேட்டாள் பரிமாறிய பெண். சொன்னேன். “அழகான நாடாமே” என்றாள். உங்களுடையதும் அப்படித்தான் என்றேன். கறுவாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பம் நன்றாகத்தான் இருந்தது.