உழுசால்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் வரையே கற்ற எம்மைப் புலவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டார் செயலாளர். ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசி அமர்கிறோம். அதுவும் எமக்கு ஒருநாள் மறந்துபோன சொல்.

சென்ற ஆனி மாதம், விடுமுறை முடிந்து ஊரிலிருந்து இரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லார்ஷாவைக் கடந்ததும் கரிசல் நிலம். ஓரிடத்தில் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தனர். சன்னலோரம் அமர்ந்திருந்த எம் இளைய மகள், "அப்பா, ஏர் போன பிறகு மண்ணில் விழுகிறதே, அதற்குப் பெயர் என்ன?" என்று வினவினாள். "லைன்" என்றோம். உழவர் குடியிற் பிறந்த யாம் கூறிய விடை அது! வண்டி நாகபுரியை நெருங்கிய பின்னரே 'சால்' என்னும் சொல் நினைவுக்கு வந்தது.

நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டுவதன்று, கீறிச் செல்வது. ஆதலால் இரண்டு சால்களுக்கு இடையே உழாத மண் நின்றுவிடும். அதனை உடைக்கவே மறுமுறை குறுக்கே உழுவர். நிலக்கடலை விதைக்கையில் பெண்டிர் ஏரின் பின்னே நடந்து சாலுக்குள் பருப்பை இட்டுச் செல்வர். அடுத்த சாலின் மண் சரிந்து அதனை மூடும். எம் தாயார் அவ்வாறு நடந்ததை யாம் வரப்பில் அமர்ந்து கண்டதுண்டு. பல ஏர்கள் பூட்டினால் முதல் ஏர் பிடிப்பவர் கைதேர்ந்தவராய் இருத்தல் வேண்டும். அவர் சால் கோணினால் பின்வருவன எல்லாம் கோணும். 'முன்னேர் போன வழியே பின்னேர்' என்னும் பழமொழியை ஏரையே காணாதவரும் இன்று பிள்ளை வளர்ப்புக்குச் சொல்கின்றனர்.

ஆங்கிலேயர் கவலையுற்ற நெற்றியில் உழுசாலைக் கண்டனர். நாம் அதனைச் சுருக்கம் என்று சொல்லிவிட்டு, ஏரை வேறிடத்திற் பூட்டினோம். வள்ளுவர் கண்ட வீரருக்கு வில்லே ஏர், அறிஞருக்குச் சொல்லே ஏர். குறுந்தொகையில் ஒரு புலவர்க்குப் பெயரே ஓரேருழவனார். ஈரம் காயுமுன் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர் உழவனை, தலைவியைக் காண விரையும் நெஞ்சுக்கு உவமையாக்கியதால் வந்த பெயர் அது. அந்தத் துடிப்பை வயலில் கண்டவரே அவ்வாறு எழுத இயலும் என்பது எம் எண்ணம். சால்பு, சான்றோர் என்பனவும் இச்சாலிலிருந்தே பிறந்தன என்று மேடைகளில் கூறுவாருளர். யாம் அவ்வளவு துணிய மாட்டோம்.

சீதை என்னும் வடசொல்லுக்கும் உழுசால் என்பதே பொருள். சனகர் உழுகையில் மண்ணிலிருந்து கிடைத்தவள் அல்லவா? இராமநவமி ஊர்வலம் காணும் நம் காலனிப் பிள்ளைகள் அனைவரும் சீதையை அறிவர். சாலை அறிந்தவர் எத்தனை பேர்?

வீடு சேர்ந்த அன்றிரவே மகளிடம் "அதன் பெயர் சால்" என்றோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள், நாகரி எழுத்தில். மறுநாள் தானே அதனைப் படித்துவிட்டு, "அப்பா, சால் என்றால் வருஷம் அல்லவா?" என்றாள். இந்தியில் அதுதான் பொருள். அவளைக் குறை சொல்ல எமக்கு வாய் இல்லை. தமிழ் எழுத்தைக் கற்பிக்காதது எம் பிழையே.

அடுத்த ஞாயிறு முதல் அவளை நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு அழைத்து வருகிறோம். இப்போது உயிர்மெய் வரிசையில் இருக்கிறாள்.