ஒரு சாண் வயிறும் ஓர் எலுமிச்சம்பழமும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் நடைபெற்ற பட்டிமன்றம். தலைப்பு: 'வித்தைக்காரர் என்ற பெயருக்கு உரிமை தருவது பெரிதும் கைத்திறனே! நேர்மையே!' இது 'நேர்மையே' அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் அவர்களே! கைத்திறனே என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டு, இப்போது கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!  

இந்த மலையில் பேசுகிறவனுக்குப் பயமே வேண்டாம். ஏன் தெரியுமா? கீழே செங்கம் இருக்கிறதே, அதுதான் சங்க காலத்துச் செங்கண்மா, நன்னன் என்ற மன்னனின் ஊர். அவனைப் பாடியது மலைபடுகடாம். அதற்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. மேடைக் கலைஞர்களுக்கு வழி சொல்கிற பாட்டு! இங்கே பிறக்கிற சேயாறுகூட அதில் வருகிறது. நன்னனுடைய அவையில் ஒருத்தன் பேச வந்து தடுமாறினால், அவையில் இருக்கிறவர்கள் அவன் குறையை மறைத்து, எடுத்துக்கொடுத்து, பேச வைத்துவிடுவார்களாம். நடுவர் அவர்களே, நீங்கள் மணி அடிக்கும்போது நன்னனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

சற்று முன்னால் இதே மேடையில் ஒரு தம்பி வித்தை காட்டினார். வெறுங்கையில் புறா எடுத்தார். என் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்தார். என் பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது என்பதே எனக்குப் பெரிய மாயம்! என் வீட்டுக்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி என்ன நடக்கும் என்பது வேறு பட்டிமன்றம். (கைதட்டல், சிரிப்பு) ஆனால் அந்தத் தம்பி அந்த நோட்டை என்ன செய்தார்? மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஒரு காட்சியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி முழுக்க அதில் இருக்கிறது.

எதிரணித் தலைவர் சர்க்காரைச் சொன்னார். பி.சி. சர்க்கார், வங்கத்துக்காரர். 1956 ஏப்ரல் 9. லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'பனோரமா' நிகழ்ச்சி. ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, சுழல் ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார். அறுத்து முடித்து எழுப்புகிறார், அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. அதற்குள் நிகழ்ச்சி நடத்துநர் குறுக்கே வந்து நின்று 'இரவு வணக்கம்' சொல்லிவிட்டார். நேரம் முடிந்துபோச்சு! நேரலையில் ஒரு பெண் செத்துப்போனாள் என்று நினைத்து ஜனங்கள் பி.பி.சி.க்குப் போன் மேல் போன் போட்டார்கள். மறுநாள் பத்திரிகையெல்லாம் சர்க்கார்தான். 'பார்த்தீர்களா கைத்திறனை' என்றார் தலைவர்.

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் நிஜமாகவே எழுந்திருக்காமல் போயிருந்தால் சர்க்காருக்கு என்ன பேர்? வித்தைக்காரரா? அப்புறம் போலீஸ் வேறு பேர் வைத்திருக்கும்! அந்தப் பெண் முழுசாக எழுந்தார். அதனால்தான் அது வித்தை. உலகத்திலேயே பெரிய மாயாஜாலக்காரர் என்று சர்க்கார் தன் சுவரொட்டியில் தானே போட்டுக்கொண்டார், அதற்காகச் சண்டைகூட வந்தது. நமக்கு அது புதிதா என்ன? தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொள்கிற ஊர்தானே நம்ம ஊர்! (சிரிப்பு) ஆனால் தெய்வ சக்தி என்று சொல்லி யாரிடமும் உண்டியல் வைக்கவில்லை. டிக்கெட் விற்றார். 1971-ல் ஜப்பானுக்கு வித்தை காட்டப் போன இடத்தில்தான் உயிரும் போனது.

அடுத்து பேசிய அம்மா இலக்கியம் தெரிந்தவர். திருவிளையாடற் புராணத்துக்கே போய்விட்டார். மதுரையில் இறைவன் எல்லாம் வல்ல சித்தராக வந்து வித்தை காட்டினாரே, கல் யானை கரும்பு தின்றதே, அங்கே நேர்மை எங்கே வந்தது என்றார். அம்மா, பாதிப் படலத்தில் இறங்கிவிட்டீர்களே! கரும்பைத் தின்ற யானை அதோடு நிற்கவில்லை. பாண்டியன் கழுத்தில் கிடந்த முத்து மாலையையும் பறித்து விழுங்கிவிட்டது. மன்னனுக்குக் கோபம் வந்தது. அப்புறம் என்ன ஆச்சு? சித்தர் பார்த்தார், யானை மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கல் யானைக்கே திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது! (பலத்த கைதட்டல்)

கயிற்று வித்தையைச் சொன்னார்கள். கயிறு வானத்தில் நிற்குமாம், பையன் ஏறுவானாம், மறைந்துபோவானாம். அந்தக் கதையை உலகமெங்கும் பரப்பியது 1890-ல் ஒரு சிகாகோ பத்திரிகை. சில மாதம் கழித்து, அது கற்பனை என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. 1934-ல் லண்டன் மாயாஜாலக்காரர்கள் சங்கம், செய்து காட்டினால் 500 கினி பரிசு என்றது. பரிசை வாங்க ஆள் இல்லை. கைத்திறன் கைத்திறன் என்கிறீர்களே, இந்த வித்தைக்குக் கையே இல்லையே!

அதே லண்டன் சங்கத்துக்கு வருகிறேன். 1905-ல் தொடங்கியது. தேர்வு வைத்துத்தான் உறுப்பினர் ஆக்குவார்கள். பெண்களுக்கு இடம் கிடையாது. 1991-ல் ஒரு பெண், சோஃபி லாயிட் என்று பேர், ஆண் வேஷம் போட்டு, ரேமண்ட் லாயிட் என்று பேரை மாற்றித் தேர்வுக்குப் போனார். பெண் கை என்று தெரிந்துவிடக் கூடாதே! கையுறை மாட்டிக்கொண்டே வித்தை காட்டித் தேறினார். அதே வருஷம் சங்கம் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. உடனே இவர் போய், 'நான்தான் அந்த ரேமண்ட்' என்றார். என்ன செய்தார்கள்? சங்கத்தை ஏமாற்றிவிட்டாள் என்று வெளியே தள்ளினார்கள். ஐயா, அது ஏமாற்றுகிறவர்களுக்கான சங்கம் ஐயா! (சிரிப்பு) 34 வருஷம் கழித்து, 2025-ல் கூப்பிட்டு மறுபடி உறுப்பினர் ஆக்கினார்கள். இந்த யோசனையைப் போட்டுக் கொடுத்த ஜென்னி வின்ஸ்டான்லி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

'அப்படியானால் அந்த அம்மா பொய் சொன்னாரே, உங்கள் கட்சிப்படி அவர் வித்தைக்காரர் இல்லையா?' என்று எதிரணித் தம்பி மடக்கினார். நல்ல கேள்வி தம்பி. எனக்குக் கொஞ்சம் வேர்த்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வேஷத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருத்தர் சட்டைப் பையிலிருந்தும் காசு போகவில்லை. உண்மையைச் சொன்னதும் அவரேதான். வித்தைக்காரர் பொய்யே சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசவில்லை. பொய்தான் அவருக்குச் சோறு. ஏமாந்த மனுஷன் எதையாவது இழந்துவிட்டு வீட்டுக்குப் போகிறானா, சிரித்துக்கொண்டு போகிறானா? நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கே உறுத்துகிற ஒரு ஆளைச் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஹூடின், பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்கிற குடும்பம். 1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. எதற்கு? அங்கே இருந்த சமயப் பெரியவர்களைவிடத் தங்கள் சக்தி பெரிது என்று காட்ட. ஒரு சின்னப் பெட்டி. பலசாலி ஒருவரைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. அடியில் மின்காந்தம்! இதெல்லாம் திறமைதான், மந்திரம் இல்லை என்று அப்புறம் மக்களுக்குச் சொல்லச் செய்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். சொன்னது சரி. ஆனால் முதலில் பயமுறுத்திவிட்டு அப்புறம் சொல்வதை நேர்மைக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. எங்கள் அணித் தலைவர் கோபித்தாலும் பரவாயில்லை. அவர் பேரைத் தன் பேராக வைத்துக்கொண்ட ஹூடினி இருக்கிறாரே, அவர் வேறு மாதிரி. ஆவியோடு பேசுகிறேன் என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களிடம் காசு பிடுங்கியவர்களை, 1926-ல் சாகிற வரைக்கும் விரட்டி விரட்டி அம்பலப்படுத்தினார்.

நம்ம ஊரில் இல்லையா? கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர். அங்கே பிரேமானந்த் என்று ஒரு மனிதர், 2009-ல் மறைந்தார். நாக்கில் கற்பூரம் எரிப்பார், வெறுங்கையில் விபூதி வரவழைப்பார். வரவழைத்துவிட்டு, எப்படி என்று சொல்லியும் கொடுத்துவிடுவார்! அவருக்கு வழிகாட்டி இலங்கையில் இருந்த டாக்டர் ஏ.டி. கோவூர். அதிசய சக்தியைச் சோதனைக்கு உட்பட்டு நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் கண் மூடும் வரை அந்த ஒரு லட்சத்தை யாரும் ஜெயிக்கவில்லை.

நம்ம தமிழைப் பாருங்கள். இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டு பேரும் ஒரே 'மேஜிஷியன்'. நமக்கு வித்தைக்காரர் வேறு, மந்திரவாதி வேறு. செப்படி வித்தை, கண்கட்டு வித்தை என்று வித்தையின் பேரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான் தமிழன். 'உன் கண்ணைக் கட்டப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கட்டுகிறான். அப்புறம் சந்தையில் ஒருத்தன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? 'கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போறேன், நடுவுல யாராவது நகர்ந்தா ரத்தம் கக்குவான்!' நான் சின்ன வயசில் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். கீரியும் பாம்பும் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கின்றன! (சிரிப்பு) கடைசியில் தாயத்து விற்பான்.

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தத் தாயத்து இருக்கிறதே, நடுவர் அவர்களே, அது சிரிப்பு இல்லை. தாயத்து, மந்திரம் என்று விளம்பரம் செய்து நோய் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது என்று 1954-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்குச் சட்டம் வருவதற்கு முன்னால் ஆள் வந்துவிட்டான்.

நான் இந்த மலைக்குக் கீழே, போளூர் பக்கத்துக்காரன். 1978. எனக்கு எட்டு வயசு, தங்கச்சிக்கு அஞ்சு. அவளுக்குக் காய்ச்சல். ஊருக்குள் ஒருத்தன் வந்தான், காவி வேட்டி. எலுமிச்சம்பழத்தைத் தங்கச்சி தலையைச் சுற்றி, கத்தியால் அறுத்தான். பழத்திலிருந்து ரத்தம்! செக்கச்செவேல் என்று வழிந்தது. 'காட்டேரி புடிச்சிருக்கு தாயி, பதினோரு நாள் கயிறு கட்டணும், வாசப்படி தாண்டக்கூடாது' என்றான். எங்க அம்மா காதில் கிடந்த ஒரு ஜோடிக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாங்க. வீட்டில் இருந்த தங்கம் அவ்வளவுதான். பதினோரு நாள் நாங்கள் வாசப்படி தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தங்கச்சி பிழைத்தாள். ஆனால் ரெண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர். 'முன்னாடியே வந்திருந்தா பார்த்திருக்கலாமேம்மா' என்றார். அம்மா காதில் கம்மல் இல்லை, மகள் காதில் கேள்வி இல்லை.

அந்த ரத்தம் என்ன தெரியுமா? செம்பருத்திப் பூ. பூவைக் கசக்கிக் கத்தியில் தேய்த்துக் காய வைத்தால், எலுமிச்சைப் புளிப்பு பட்டதும் சிவக்கும். என் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் பிற்பாடு செய்து காட்டினார். நாம் ஆரத்தித் தண்ணியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்க வைக்கிறோமே, அதற்குப் பங்காளி மாதிரி. எதிரணி நண்பர்களே, அவன் கைத்திறனில் ஒரு குறை சொல்ல முடியாது. பூ தெரியவில்லை, சாறு தெரியவில்லை. சுத்தமான வேலை! கைத்திறன்தான் உரிமை என்றால் அவனுக்கு நீங்கள்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். (நீண்ட கைதட்டல்)

மணி அடிக்கிறது. நன்னனை மறந்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இன்னும் ஒரே நிமிஷம்.

இதே மலையில் காவலூர் இருக்கிறது. 1968-லிருந்து அங்கே வான் ஆய்வு நடக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் வைணு பாப்பு பேரை வைத்தார்கள். அங்கே இருக்கிறவர்கள் இருப்பதைக் காட்டுகிறார்கள், நம் கண்ணுக்குத் தெரியவில்லை. வித்தைக்காரர் இல்லாததைக் காட்டுகிறார், நம் கண்ணுக்குத் தெரிகிறது. ரெண்டு பேருக்கும் நாம் கை தட்டலாம். ஆனால் வித்தைக்காரர், எந்தக் கடையில் இருக்கிறோம் என்று நமக்குச் சொல்லியாக வேண்டும்.

ஏழெட்டு வருஷம் கழித்துப் போளூர் சந்தை. நானும் அம்மாவும் தங்கச்சியும். ஒரு வித்தைக்காரர், கூட ஒரு சின்னப் பொண்ணு மேளம் தட்டுது. மாங்கொட்டை நட்டுச் செடி முளைக்க வைத்தார், கூடையில் பொண்ணை மறைத்தார். கடைசியாக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அறுத்தார். ரத்தம். எங்க அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு வலிக்கிறது. அந்த மனுஷர் துணியை விரித்தார், வயிற்றில் ரெண்டு தட்டு தட்டினார். 'மந்திரமும் இல்ல தாயி, மாயமும் இல்ல, எல்லாம் கைவேலை, இந்த ஒரு சாண் வயித்துக்கு' என்றார்.

அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து ரெண்டு ரூபா போட்டாங்க. அப்புறம் அவரிடம், 'ஏம்பா, இதை நீ அப்பவே எங்க ஊருக்கு வந்து காட்டியிருக்கக் கூடாதா?' என்று கேட்டாங்க. அவருக்கு ஒண்ணும் புரியலை. கும்பிட்டார். தங்கச்சிக்குக் கேட்கலை, ஆனாலும் அவர் வயிற்றைத் தட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

முதலில் வந்தவனை எங்க அம்மா சாகிற வரைக்கும் 'அவன்' என்றுதான் சொன்னாங்க. பேர் சொல்லவில்லை, சாமியார் என்றும் சொல்லவில்லை. சந்தையில் பார்த்தவரை 'அந்த வித்தைக்காரரு' என்பாங்க. நான் தமிழ் வாத்தியார் ஆச்சே, அந்தக் கடைசி 'ரு'வைக் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம்.